320 கிலோ கல்தொட்டியை இரண்டே பேர் நகர்த்துவது எப்படி?

திருவையாற்றுக்குப் பக்கத்தில், குடமுருட்டிக் கரையில் எங்கள் வீடு. கொல்லையில் கருங்கல் மாட்டுத்தொட்டி ஒன்று கிடந்தது. தெருவில் திரியும் மாடுகளாவது தண்ணீர் குடிக்கட்டும், தெருவோர வேப்பமரத்தடியில் கொண்டுபோய் வை என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். ஆறு ஆள் வேண்டும் என்றார்கள். கடப்பாரை, குழாய்த் துண்டுகள், பலகை, ஒரு கப்பி ஆகியவற்றை வைத்துக்கொண்டு நானும் மச்சானும் ஒரே காலையில் முடித்தோம்.

எடையைக் கணக்கிடுங்கள்

ஒரு கன அடி கருங்கல் சுமார் 75 கிலோ. எங்கள் தொட்டி மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். உள்ளே குடைந்த பகுதியைக் கழித்தால் 4.25 கன அடி கல் மிஞ்சும். ஏறக்குறைய 320 கிலோ. முழுவதையும் ஒரே மூச்சில் தூக்க வேண்டியதில்லை. ஒரு முனையை மட்டும் கிளப்பினால் கைக்கு வருவது பாதி, அதாவது 160 கிலோ.

நெம்புதல்

ஐந்தடிக் கடப்பாரையின் நுனியைத் தொட்டிக்கு அடியில் கொடுங்கள். நுனியிலிருந்து அரை அடி தள்ளித் தாங்குகட்டை இருக்கட்டும். இந்தப் பக்கம் அரை அடி, உங்கள் பக்கம் நாலரை அடி: ஒன்பது மடங்கு. 160 கிலோவுக்கு 18 கிலோ அழுத்தம் போதும். தாங்குகட்டையை ஓரடி தள்ளி வைத்தால் நாலு மடங்குதான் கிடைக்கும். 40 கிலோ அழுத்த வேண்டியிருக்கும். ஆகவே கட்டை கல்லை ஒட்டியே இருக்க வேண்டும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: கை ஒன்பது அங்குலம் இறங்கினால் கல் ஓர் அங்குலம்தான் ஏறும்.

இந்தக் கணக்கெல்லாம் தெரிந்திருந்தும் எங்களுக்கு முதல் அரைமணி நேரம் வீணானது. தாங்குகட்டையாகச் செங்கல் வைத்தோம். அழுத்தினேன், கடப்பாரை இறங்கியது, தொட்டி அசையவில்லை. மறுபடி அழுத்தினேன். குனிந்து பார்த்தால் செங்கல் பாதி மண்ணுக்குள் போயிருந்தது, சுற்றிலும் ஈரக் களிமண் பிதுங்கி நின்றது. ஆறு கொண்டுவந்து போட்ட வண்டல் மண் எங்கள் கொல்லை. கல்லின் 160 கிலோவும் என் 18 கிலோவும் சேர்ந்து அந்தச் சின்னச் செங்கல் மேல்தான் இறங்குகின்றன. ஈர மண் அதைத் தாங்காது. மூன்றாம் முறை செங்கல் பிளந்து தொட்டி சரிந்தது. மச்சானின் கால்விரல் மயிரிழையில் தப்பியது.

பழைய கதவுப் பலகையை மண்ணில் பரப்பி, அதன்மேல் கருவேலக் கட்டையை வைத்த பிறகு முதல் அழுத்திலேயே தொட்டி கிளம்பியது. டெல்டாவில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள். செங்கல்லை நம்பாதீர்கள். கருங்கல் துண்டும் வேண்டாம், அதன்மேல் கடப்பாரை வழுக்கும். மரமே நல்லது. தொட்டி கிளம்பியவுடன் அடியில் கட்டையைச் செருகிவிடுங்கள். கையை ஒருபோதும் உள்ளே விடாதீர்கள்.

உருட்டுதல்

இரண்டு அங்குல இரும்புக் குழாய்த் துண்டுகள் நான்கு வேண்டும். பிளாஸ்டிக் குழாய் நசுங்கிவிடும். தரையில் பலகை போட்டு அதன்மேல் உருட்டுங்கள். பின்னால் விடுபடும் குழாயை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டே போக வேண்டும். திருப்ப வேண்டிய இடத்தில் முன் குழாயைச் சாய்வாகப் போட்டால் தொட்டி தானாகத் திரும்பும்.

ஏற்றுதல்

சாலை மேல் சாலை போட்டுத் தெரு எங்கள் வாசலைவிட ஒன்றரை அடி உயர்ந்துவிட்டது. ஒன்பதடிப் பலகைகளைச் சாய்த்து, நடுவில் வளையாதபடி முட்டுக் கொடுத்தோம். உயரத்தைப்போல ஆறு மடங்கு நீளம் என்பதால் 320 கிலோ 53 கிலோவாகக் குறைந்தது. மதகு ஷட்டரைத் தூக்கும் திருகாணியும் இப்படித் தண்டைச் சுற்றி வளைத்த சாய்வுதான்; அதனால்தான் ஒற்றை ஆள் சுற்ற, ஆற்றுத் தண்ணீர் அழுத்திக்கொண்டிருக்கும் இரும்புக் கதவு மெல்ல மேலே வருகிறது.

கப்பியை மரத்தில் கட்டினால் இழுக்கும் திசைதான் மாறும், பளு குறையாது. பலரும் இங்கேதான் தவறுகிறார்கள். கயிற்றின் ஒரு முனையை மரத்தில் கட்டி, தொட்டியோடு பிணைத்த கப்பி வழியாக மறுமுனையைத் திருப்பிக் கொண்டுவந்து இழுங்கள். அப்போதுதான் பளு பாதியாகும்; உராய்வையும் சேர்த்து 30 கிலோ அளவில் நிற்கும். திண்ணைத் தூணில் மட்டும் கயிற்றைக் கட்டாதீர்கள்.

நான் இழுக்க, ஒவ்வோர் அடிக்கும் மச்சான் பக்கவாட்டில் நின்று தொட்டிக்குப் பின்னால் முட்டுக்கட்டை போட்டார். திருவாரூர் ஆழித்தேருக்கு ஹைட்ராலிக் பிரேக் வந்த பிறகும் முட்டுக்கட்டை போடும் ஆட்கள் தேவைப்படுகிறார்கள். தொட்டிக்கு நேர் கீழே, சரிவில் யாரும் நிற்கக் கூடாது.

பிற்சேர்க்கை: உயரத்திலிருந்து இறக்குவது எப்படி என்று இருவர் கேட்டிருந்தார்கள். அதே சாய்பலகை போதும். கயிற்றை மரத்தில் மூன்று சுற்றுச் சுற்றி, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். பளுவில் பெரும்பகுதியை மரப்பட்டையின் உராய்வே தாங்கிக்கொள்ளும். நைலான் கயிறு வழுக்கும். தேங்காய் நார்க் கயிறாக இருக்கட்டும், கைக்கு அருகில் முடிச்சு ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.