ஆர்க்டிக் மங்கீஸ் வழியில் ஓர் இண்டி பேண்ட்: ரிகர்சலிலிருந்து முதல் ஏழு இன்ச் ரெக்கார்ட் வரை

மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தில் பாட்டைப் போட்டார்கள், ராத்திரியோடு ராத்திரியாகப் புகழ் வந்துவிட்டது என்றுதான் இங்கிலாந்து ராக் பேண்ட் ஆர்க்டிக் மங்கீஸின் கதையைச் சொல்வார்கள். நம்பாதீர்கள். அந்த மைஸ்பேஸ் பக்கத்தைத் தொடங்கியதே ரசிகர்கள்தான். ஷெஃபீல்டின் புறநகரான ஹை கிரீனில் 2002-ல் கூடிய பையன்கள் 2005 அக்டோபரில் பிரிட்டிஷ் சார்ட்டில் (விற்பனைப் பட்டியலில்) முதலிடம் பிடித்தார்கள். இடையில் அவர்கள் செய்ததில் பெரும்பகுதி யாரும் செய்யக்கூடிய வேலைதான். அதையே வரிசையாகத் தருகிறேன். கிடாரை ட்யூன் செய்யவும் நாலைந்து கார்ட் பிடிக்கவும் தெரிந்தவர்களுக்கு இது.

படி 1: ஆள் சேர்ப்பது

திறமைசாலியைத் தேடி அலையாதீர்கள், பக்கத்துத் தெருவில் இருப்பவரைப் பிடியுங்கள். பாடகர் அலெக்ஸ் டர்னருக்கும் கிடாரிஸ்ட் ஜேமி குக்குக்கும் 2001 கிறிஸ்துமஸுக்குத்தான் கிடார் பரிசாகக் கிடைத்தது. பேஸ் கிடார் ஆண்டி நிக்கல்சன் கையில். மிச்சம் இருந்தது டிரம்ஸ் மட்டும், அதனால் மேட் ஹெல்டர்ஸ் டிரம்மர் ஆனார். பின்னாளில் அந்த பேண்டின் முதுகெலும்பே அந்த டிரம்ஸ்தான்.

ரிகர்சலில் முதலில் வரும் தகராறு சத்தம். டிரம்ஸுக்கு வால்யூம் குமிழ் கிடையாது, ஆகவே அளவுகோல் அதுதான். டிரம்மர் வழக்கம்போல் அடிக்கட்டும். அதற்கு மேல் குரல் கேட்கும்படி ஸ்பீக்கரை வையுங்கள். குரலை மூழ்கடிக்காத அளவுக்கு மட்டும் ஆம்புகளை (கிடார் ஒலிபெருக்கிகளை) ஏற்றுங்கள். பெரும்பாலான பேண்டுகள் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, பாடுகிறவர் தொண்டை கட்டியதும் முழிக்கும். ஆம்பைத் தரையில் வைத்தால் சத்தம் முழங்காலுக்குத்தான் போகும், காதுக்குப் போகாது, வாசிப்பவர் இன்னும் ஏற்றுவார். ஒரு நாற்காலி மேல் வைத்தால் பாதிச் சண்டை தீரும். ஸ்பீக்கர் மைக்கின் முதுகுப்பக்கம் இருக்கட்டும், முன்னால் இருந்தால் கீச்சிடும்.

படி 2: பாட்டு

தொடக்கத்தில் அவர்களும் மற்றவர்கள் பாட்டைக் கலந்துதான் வாசித்தார்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சொந்தப் பாட்டு எழுதும்போது மட்டும் உங்கள் ஊர்ப் பேச்சிலேயே எழுதுங்கள், பாடுங்கள். டர்னர் ஷெஃபீல்டுக் கொச்சையிலேயே பாடினார். டாக்சிக்குக் காத்திருப்பது, கிளப் வாசலில் நிற்கும் தடியர்களோடு வாக்குவாதம், இவைதான் விஷயம். அமெரிக்க பேண்ட் மாதிரி பாவனை செய்த உள்ளூர் பேண்டுகளைக் கேலி செய்தே ஒரு பாட்டு இருக்கிறது.

படி 3: முதல் மேடை

அவர்களின் முதல் மேடை 2003 ஜூன் 13, ஷெஃபீல்டில் தி கிரேப்ஸ் என்ற பப். உங்களுக்கு ஏழெட்டுப் பாட்டு, அரை மணி நேரம் போதும். பையில் வைக்க வேண்டியவை: ஒரு செட் கம்பிகள், உபரி கேபிள் இரண்டு, டிரம்ஸை முறுக்கும் டிரம் கீ, 9 வோல்ட் பேட்டரி, துணி டேப். பாட்டுக்குப் பாட்டு நடுவே ட்யூன் செய்கிற இடைவெளியில்தான் கூட்டம் பார் பக்கம் நகரும். ஃபோன் செயலியை நம்பாமல் காலால் மிதிக்கும் பெடல் ட்யூனர் வாங்குங்கள். மிதித்தால் சத்தமும் நின்றுவிடும்.

படி 4: டெமோ

கவிழ்வது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் போவோம். ஆர்க்டிக் மங்கீஸ் ஷெஃபீல்டிலேயே 2ஃப்ளை ஸ்டூடியோவில் ஆலன் ஸ்மித்துடன் டெமோ (மாதிரிப் பதிவு) பதிந்தார்கள். பக்கத்தில் சின்ன ஸ்டூடியோ இருந்தால் டிரம்ஸை மட்டுமாவது அங்கே பதியுங்கள். இல்லையென்றால் ஆங்கிலேய இன்ஜினியர் கிளின் ஜான்ஸ் பிரபலமாக்கிய முறை. நாலு மைக், நாலு உள்ளீடு கொண்ட ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்குகளைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) ஒன்று வேண்டும்.

முதல் மைக் ஸ்நேருக்கு (டிரம்மருக்கு முன்னால் இருக்கும் சின்ன டிரம்) நேர் மேலே 100 செ.மீ. உயரத்தில். இரண்டாவது மைக் டிரம்மரின் வலப்பக்கம் ஃப்ளோர் டாமுக்கு (தரையில் கால் ஊன்றி நிற்கும் டிரம்) அப்பால், அதன் விளிம்புக்குச் சற்று மேலே, ஸ்நேரைப் பார்த்தபடி. இதுவும் ஸ்நேரின் நடுவிலிருந்து அதே 100 செ.மீ. இந்த இரண்டும் கண்டென்சர் (மின்சாரம் தேவைப்படும் மைக்) என்றால் 48 வோல்ட் ஃபேன்டம் பவரை (கேபிள் வழியே மைக்குக்குப் போகும் மின்சாரம்) போட மறக்காதீர்கள். மூன்றாவது கிக் டிரம்முக்கு (காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்) முன்னால். நாலாவதாக ஸ்நேருக்குப் பக்கத்தில் ஒரு ஷூர் எஸ்எம்57 மைக்.

அளப்பதற்கு டேப்பை விட நூல் நல்லது. ஸ்நேரின் நடுவில் ஒரு முனையை விரலால் அழுத்திக்கொண்டு மறுமுனையை முதல் மைக்கின் வாய்வரை இழுத்து முடிச்சுப் போடுங்கள். அந்த முடிச்சு இரண்டாவது மைக்கின் வாயையும் சரியாகத் தொட வேண்டும். ஏன் இவ்வளவு கறார்? ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். இரண்டு தூரங்களுக்கும் 17 செ.மீ. வித்தியாசம் இருந்தால் ஒரு மைக்குக்கு அரை மில்லிவிநாடி தாமதம். அப்போது 1000 ஹெர்ட்ஸ் பக்கம் இரண்டு அலைகளும் ஒன்றையொன்று தின்றுவிடும். ஸ்நேர் அட்டைப்பெட்டியைத் தட்டினாற்போல் ஒலிப்பது இதனால்தான். பிறகு ஈக்வலைசரை (பேஸ், ட்ரெபிள் கூட்டிக் குறைக்கும் கருவி) எவ்வளவு திருகினாலும் திரும்பி வராது.

பதிந்ததும் மோனோவில் (எல்லாவற்றையும் ஒரே சேனலாக்கி) கேளுங்கள். ஒரு மைக்கின் போலாரிட்டியை (அலையின் மேல்கீழை) திருப்பிப் பாருங்கள். எந்த நிலையில் ஸ்நேரும் கிக்கும் கனமாக ஒலிக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். லெவல் உச்சத்தில் மைனஸ் 10 டெசிபெல் பக்கம் நிற்கட்டும்.

கூரை தாழ்வு, என்ன செய்வது என்று பலர் கேட்டதால் சேர்க்கிறேன்: ஸ்நேர் தரையிலிருந்து 65 செ.மீ. என்றால் மேல் மைக் 165 செ.மீ. உயரத்தில் நிற்கும். 230 செ.மீ. கூரை என்றால் மேலே 65 செ.மீ.தான் மிச்சம், எதிரொலி மைக்கிலேயே விழும். இரண்டு மைக்கையும் 80 செ.மீ.க்குக் குறையுங்கள், மேலே தடித்த போர்வை கட்டுங்கள். இரண்டு தூரமும் சமமாக இருப்பதுதான் முக்கியம், 100 என்ற எண் இல்லை.

மென்பொருளில் என் ஓட்டு ரீப்பருக்கு, 60 நாள் இலவசமாகப் பார்க்கலாம். ஆடாசிட்டி பாட்காஸ்டுக்குச் சரி, நாலு மைக் வேலைக்கு எரிச்சல். கிளிக் டிராக் (தாளம் காட்டும் டிக் டிக் ஒலி) கட்டாயமில்லை. கோரஸில் லேசாக வேகம் கூடுவது இந்த வகை இசைக்கு அழகு.

படி 5: கொடுத்துவிடுங்கள்

அவர்கள் டெமோவை சிடியில் எரித்து மேடை முடிந்ததும் சும்மா கொடுத்தார்கள். வாங்கியவர்கள் கணினியில் ஏற்றி இணையத்தில் பகிர்ந்தார்கள். ரெக்கார்ட் எதுவும் வெளிவராத பேண்டின் வரிகளை முன்வரிசை முழுக்கப் பாடியது. எனக்குத் தெரிந்து அந்த வளர்ச்சியின் எஞ்சின் இதுதான்.

அந்த டெமோத் தொகுப்பு பெனீத் த போர்ட்வாக் என்ற பெயரில் உலவியது. பேண்ட் வைத்த பெயரல்ல, பகிர்ந்த ரசிகர் வைத்தது. போர்ட்வாக் என்பது டர்னர் பாரில் வேலை பார்த்த அரங்கம். (அதே கட்டடம் பிளாக் ஸ்வான் என்ற பப்பாக இருந்தபோது, 1976 ஜூலை 4-ல் பங்க் பேண்ட் தி கிளாஷ் தன் முதல் கச்சேரியை அங்கேதான் வாசித்தது.) பெயர் உங்கள் கையை விட்டுப் போகக்கூடாது என்றால் ஃபைலுக்குள்ளேயே பேண்ட் பெயர், பாட்டின் பெயர், ஆண்டு, தொடர்பு முகவரி எல்லாம் டேக் செய்யுங்கள். இன்று சிடிக்குப் பதில் க்யூஆர் அட்டை, பேண்ட்கேம்ப் தளத்தில் இலவச டவுன்லோட்.

படி 6: சொந்த லேபிள்

வழி காட்டியது மான்செஸ்டரின் பங்க் பேண்ட் பஸ்காக்ஸ். சுமார் 500 பவுண்டு கடன் வாங்கி, நியூ ஹார்மோன்ஸ் என்று தாங்களே லேபிள் (ரெக்கார்ட் வெளியிடும் நிறுவனம்) வைத்து, 1977 தொடக்கத்தில் 1000 பிரதி போட்டார்கள். ஆர்க்டிக் மங்கீஸ் 2005 மே மாதம் பேங் பேங் என்ற சொந்த லேபிளில் இரண்டு பாட்டை வெளியிட்டது: 1000 ஏழு இன்ச் ரெக்கார்ட், 500 சிடி. கேட்பவர்களை முன்பே சேர்த்துவிட்டதால் அந்த எண்ணிக்கை சரி. நீங்கள் 200-க்கு மேல் போகாதீர்கள்.

நிமிடத்துக்கு 45 சுழற்சியில் ரெக்கார்டின் ஒரு பக்கத்துக்கு நாலு நிமிடம் எல்லை என்று வையுங்கள். அதைத் தாண்டினால் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும், சத்தம் குறையும். 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் மோனோவில் இருக்கட்டும், இல்லையென்றால் ஊசி துள்ளும். பாடகரின் ‘ஸ்’ ஒலியை மாஸ்டரிங்குக்கு (ஒலியை இறுதியாகச் சரிசெய்வது) முன்பே அடக்குங்கள். டெஸ்ட் பிரஸ்ஸிங் (சோதனைப் பிரதி) வந்தால் மலிவான பிளேயரிலும் ஓட்டிப் பாருங்கள்.

பிறகு நடந்தது வேகமாக நடந்தது. 2005 ஜூனில் டாமினோ லேபிள் ஒப்பந்தம், அக்டோபர் 17-ல் முதல் சிங்கிள், நேராக முதலிடம். 2006 ஜனவரி 23-ல் வந்த ஆல்பம் முதல் வாரத்தில் 3,63,735 பிரதி விற்றது.

பின்சேர்க்கை: இங்கிலாந்தில் பாட்டு எழுதியவருக்கான பணம் பிஆர்எஸ் என்ற அமைப்பு வழியாக வரும், பதிவில் வாசித்தவருக்கும் லேபிளுக்கும் பிபிஎல் என்ற அமைப்பு வழியாக. இரண்டும் வேறு, இரண்டிலும் பதியுங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் உரிய ஐஎஸ்ஆர்சி என்ற அடையாள எண்ணைத் தருவதும் பிபிஎல்தான். யாருக்கு எத்தனை சதவீதம், யாராவது விலகினால் பேண்டின் பெயர் யாருக்கு என்பதை முதல் மேடைக்கு முன்பே ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். ஆல்பம் வந்த அதே 2006-ல் நிக்கல்சன் விலகி நிக் ஓ’மாலி வந்தார். அவசரத்துக்கு வருகிற பேஸ் கிடாரிஸ்ட் கேட்கப்போவது கார்ட் ஷீட்டும் குரல் இல்லாத மிக்ஸும், ஆகவே டெமோ பதியும் நாளிலேயே இரண்டையும் தனி ஃபோல்டரில் போட்டு வையுங்கள்.