மனிதர்களைப் பற்றிய படங்கள்: கருத்துச் சொல்லும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் ஊர்த் திரைப்படச் சங்கத்தில் மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு படம் திரையிடுவோம். படம் முடிந்து விளக்கைப் போட்டதும், தேநீர் வருவதற்குள் பேச்சு தொடங்கிவிடும். இருபது வருடங்களாக இது நடக்கிறது. இப்போது கல்லூரிப் பிள்ளைகள் நிறைய வருகிறார்கள். பேசுகிறார்கள், வீட்டுக்குப் போய் எழுதவும் செய்கிறார்கள். எனக்கு அதில் மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் போன மாதம் ஒரு தம்பி எழுந்து பேசியபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அவர் சொன்னதை ஏறத்தாழ அதே சொற்களில் நான் இருபத்தொன்பது வயதில் எழுதியிருக்கிறேன். அதே வேகம், அதே உறுதி, அதே தவறு.

இயக்குநரின் பெயரைத் தப்பாகச் சொல்வது, படம் பார்க்காதவரிடம் முடிவைப் போட்டு உடைப்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை எல்லாருக்கும் தெரியும். நான் பட்டுத் தெரிந்துகொண்டவற்றை மட்டும் சொல்கிறேன்.

கதையைச் சொல்லி முடித்துவிடுவது

சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' (1955) பற்றிப் பேசச் சொன்னால் பெரும்பாலானவர்கள் இப்படித்தான் தொடங்குகிறார்கள்: வங்காளக் கிராமத்தில் ஓர் ஏழைக் குடும்பம், அப்பா பிழைப்புத் தேடி வெளியூர் போகிறார், மகள் மழையில் நனைந்து காய்ச்சலில் இறக்கிறாள், கடைசியில் குடும்பம் ஊரை விட்டே கிளம்புகிறது. இவ்வளவும் சரி. ஆனால் படத்துக்கு மூலமான விபூதிபூஷணின் நாவலைப் படித்தவர்கூட இதைச் சொல்லிவிடலாம். படம் பார்த்த நீங்கள் எதைப் பார்த்தீர்கள்?

அப்பா ஹரிஹர் ஊர் திரும்புகிறார். மகள் இறந்தது அவருக்குத் தெரியாது. வாங்கிவந்த பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்து மனைவியிடம் காட்டுகிறார். துர்காவுக்கு என்று ஒரு புடவையை நீட்டுகிறார். சர்வஜயா அதை வாங்கிக்கொண்டு அப்படியே உடைந்து சரிகிறாள். அவள் கதறுவது தெரிகிறது, குரல் கேட்கவில்லை. அந்தக் குரல் இருக்க வேண்டிய இடத்தில் தார் ஷெனாய் என்ற வாத்தியம் உச்சத்தில் அலறுகிறது. ஒரு தாயின் அழுகையை எடுத்துவிட்டு அங்கே ரவிசங்கரின் இசையை வைக்கும் துணிச்சல் ராய்க்கு எங்கிருந்து வந்தது என்று பேசத் தொடங்குங்கள், படத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று ஒப்புக்கொள்கிறேன். கதையை நான்கு வரியில் முடித்துக்கொண்டு மீதி இடத்தை இப்படி ஒரு காட்சிக்குக் கொடுங்கள்.

'படம் மெதுவாகப் போகிறது'

எந்தக் காட்சியில் என்று சொல்ல முடிந்தால் சொல்லுங்கள். முடியாவிட்டால் வேண்டாம்.

பாத்திரங்களுக்குத் தீர்ப்பு எழுதுவது

இதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். இன்றும் யாராவது இதைச் செய்தால் எனக்குக் கோபம் வருகிறது, நானே செய்தவன் என்பதால் கூடுதலாக வருகிறது.

போன மாதம் நாங்கள் போட்ட படம் யாசுஜிரோ ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி' (1953). கடலோர ஊரான ஓனோமிச்சியிலிருந்து வயதான கணவனும் மனைவியும் டோக்கியோவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க வருகிறார்கள். மூத்த மகன் டாக்டர். மகள் ஷிகே அழகு நிலையம் நடத்துகிறாள். இருவருக்கும் ஓய்வில்லை. எட்டு வருடங்களுக்கு முன் போரில் பறிபோன இன்னொரு மகனின் மனைவி நோரிகோ மட்டும் விடுப்பு எடுத்துக்கொண்டு மாமனார் மாமியாருக்கு ஊரைச் சுற்றிக் காட்டுகிறாள். பிள்ளைகள் பணம் போட்டுப் பெற்றோரை அதாமி என்ற வெந்நீர் ஊற்று ஊருக்கு அனுப்பிவைக்கிறார்கள். விடுதியில் விடிய விடிய இரைச்சல். தூங்க முடியாமல் இருவரும் முன்னதாகவே திரும்பிவிடுகிறார்கள். சொந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்த சில நாளிலேயே அம்மா இறந்துவிடுகிறாள்.

"அந்த மகளைப் போல ஒருத்தி எந்த வீட்டிலும் இருக்கக் கூடாது" என்றார் தம்பி. கைதட்டல் விழுந்தது.

என் இருபத்தொன்பதாவது வயதில் ஒரு சிற்றிதழில் நான் எழுதிய கட்டுரையின் தலைப்பு 'பெற்றவர்களை மறந்த மகள்'. சாட்சியங்களுக்குப் பஞ்சமே இல்லை. பெரியவர்களுக்காகக் கணவன் வாங்கிவந்த பலகாரத்தை, இவ்வளவு விலை கொடுத்து எதற்கு என்று கடிந்துகொண்டே ஷிகே தானே எடுத்துத் தின்கிறாள். அதாமியிலிருந்து சொல்லாமல் திரும்பிவந்து பெற்றோர் வாசலில் நிற்கும்போது, யார் இவர்கள் என்று கேட்ட வாடிக்கைக்காரியிடம், ஊரிலிருந்து வந்த தெரிந்தவர்கள் என்கிறாள். ஈமச்சடங்கு முடிந்து எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போதே, அம்மாவின் இன்ன இன்ன உடைகள் எனக்கு வேண்டும் என்று கேட்கிறாள். இதற்கு மேல் என்ன வேண்டும்? நான்கு பக்கம் கிழித்து எழுதினேன். பாராட்டி ஏழெட்டுக் கடிதங்கள் வந்தன.

அந்த இதழை என் அக்காவும் படித்தாள். அப்பா போன பிறகு அம்மா அக்கா வீட்டில்தான் இருந்தார். அக்காவுக்கு வீட்டு முன்னறையிலேயே தையல் கடை. இரண்டு பிள்ளைகள், பண்டிகைக் காலமென்றால் இரவு ஒரு மணி வரை மெஷின் ஓடும். அம்மா அடிக்கடி கூப்பிடுவார், அக்கா சுள்ளென்று விழுவாள். நான் வெளியூரில் வேலையில் இருந்தேன். மாதத்துக்கு ஒரு முறை பழப் பையோடு போய், அம்மாவின் கையைப் பிடித்தபடி ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுக் கடைசி பஸ்ஸில் திரும்புவேன். அப்படி வாழ்கிறவனுக்கு நோரிகோவை நேசிப்பது மிகவும் எளிது.

அக்கா சத்தம் போடவில்லை. நறுக்கிய துணியை மடித்துக்கொண்டே, "அந்தப் பெண்ணின் கடையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று நீ எழுதவே இல்லையே" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒன்பது வருடம் என்னோடு எந்தப் படத்துக்கும் அவள் வரவில்லை. சிறு வயதில் இரண்டு பேரும் சில்லறை சேர்த்துத் தரை டிக்கெட் எடுத்துப் படம் பார்த்தவர்கள்.

தீர்ப்பு எழுதுவதால் வரும் பெரிய நட்டம், கண் மூடிக்கொள்வதுதான். இவள் கெட்டவள் என்று பத்தாவது நிமிடத்தில் முடிவு செய்துவிட்டால், மிச்சமுள்ள இரண்டு மணி நேரமும் அதற்குச் சான்று பொறுக்குவதிலேயே போய்விடும். சான்றாக ஆகாத காட்சிகள் கண்ணெதிரே ஓடினாலும் மனத்தில் தங்காது. எனக்கு எவையெல்லாம் தங்காமல் போயின என்று பின்னால் எண்ணிப் பார்த்தேன்.

பெற்றோர் அதாமியிலிருந்து திரும்பும் அன்று மாலை ஷிகேயின் வீட்டில் தொழில்காரர்களின் கூட்டம் ஏற்பாடாகியிருக்கிறது. அதற்குள் அவர்கள் வேறிடம் பார்த்துக்கொள்ள வேண்டும். அம்மா நோரிகோவின் சின்ன அறைக்குப் போகிறாள். அப்பா பழைய ஊர் நண்பர்களோடு குடிக்கப் போகிறார். நள்ளிரவில் போலீஸ்காரர் ஒருவர் அவரையும் இன்னொரு கிழவரையும் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகிறார். போதையில் இருவரும் அழகு நிலையத்து நாற்காலிகளில் சரிந்து கிடக்கிறார்கள். விடிந்தால் அதே நாற்காலிகளில் வாடிக்கையாளர்கள் உட்கார வேண்டும். ஷிகே அந்த இரவில் எரிந்து விழுகிறாள். அப்பாவுக்கு இந்தக் குடிப்பழக்கம் முன்பு இருந்தது, விட்டிருந்தார், மறுபடியும் வந்துவிட்டதே என்கிற பழைய காயம் அந்த எரிச்சலுக்குள் இருக்கிறது. அம்மா விடியும் வரை தாங்கமாட்டாள் என்று டாக்டர் அண்ணன் சொல்லும்போது குலுங்கி அழுபவள் இதே ஷிகேதான். உடைகளைக் கேட்டவளும் அவள்தான், அழுதவளும் அவள்தான். ஓசு இரண்டில் ஒன்றைப் பொய் என்று சொல்லவே இல்லை.

இன்னும் பெரிய விஷயம், படத்துக்குள்ளேயே ஒருத்தி எழுந்து என் கட்டுரையைப் பேசுகிறாள். கடைசி மகள் கியோகோ, அண்ணனும் அக்காவும் சுயநலக்காரர்கள் என்று கொதிக்கிறாள். அவளுக்கு மறுமொழி சொல்வது யார் தெரியுமா? நோரிகோ. பிள்ளைகள் வளர வளர அவரவர் வாழ்க்கை என்று விலகத்தான் செய்கிறார்கள், விருப்பமில்லாமலே நானும் அப்படி ஆகிவிடுவேன் என்கிறாள். பிறகு மாமனாரிடம், நீங்கள் நினைப்பது போல நான் நல்லவள் இல்லை, உங்கள் மகனை நினைக்காத நாட்களும் உண்டு என்று சொல்லி அழுகிறாள். நான் யாரைத் தராசின் ஒரு தட்டில் வைத்து ஷிகேயை எடைபோட்டேனோ, அவளே தட்டிலிருந்து இறங்கிப் போய்விடுகிறாள். பெற்றவர்களோ, நம் பிள்ளைகள் பலருடைய பிள்ளைகளைவிட மேல், நாம் கொடுத்துவைத்தவர்கள் என்று பேசிக்கொள்கிறார்கள். ஓசுவின் கேமரா தரையோடு தரையாக, பாயில் உட்கார்ந்திருப்பவரின் கண் உயரத்துக்கும் கீழே இருக்கும். அங்கிருந்து அது ஷிகேயைப் பார்ப்பதும் நோரிகோவைப் பார்ப்பதும் ஒரே உயரத்தில்தான். மேடை போட்டு உட்கார்ந்தவன் நான்.

அம்மா இறந்த மறுவருடம் அக்கா தானாகவே அந்தப் படத்தைப் போடச் சொன்னாள். பார்த்து முடித்து வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "இவள் அழும்போது அவசரமாக அழுகிறாள், பார்த்தாயா? அழக்கூட நேரமில்லாதவள்" என்றாள். இருபது வருடம் படங்களைப் பற்றி எழுதுகிறேன். அப்படி ஒரு வரி நான் எழுதியதில்லை.

உடனே ஒரு கேள்வி வரும்: அப்படியானால் கொடுமைக்காரனைக் கொடுமைக்காரன் என்று சொல்லவே கூடாதா? சொல்லலாம். மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' (1979) படத்தில் விஜயன் நடித்த சுந்தரவடிவேலுவுக்கு யாரும் வக்காலத்து வாங்க முடியாது. ஆனால் அந்தப் படத்தின் கடைசியைக் கவனியுங்கள். ஊரே சேர்ந்து அவனை ஆற்றுக்குள் இறங்கச் சொல்லும்போது, நான் செய்த பெரிய தவறு உங்களையும் என்னைப் போல மாற்றியதுதான் என்கிற பொருளில் அவன் பேசிவிட்டுப் போகிறான். பிறகு கரையில் அவன் பிள்ளைகள். கெட்டவன் ஒழிந்தான் என்று நாம் எழுந்து போக முடியாதபடி மகேந்திரன் அந்தக் குழந்தைகளை அங்கே நிறுத்திவிடுகிறார். அவன் கெட்டவன் என்று மட்டும் எழுதுகிறவர் கரையைப் பார்க்காமல் வந்துவிட்டார்.

ஒரு பயிற்சி சொல்கிறேன். எந்தப் பாத்திரத்தின் மேல் உங்களுக்கு வெறுப்பு வருகிறதோ, படத்தை மறுபடி போட்டு அவரை மட்டும் பின்தொடருங்கள். அவருடைய நாள் எத்தனை மணிக்குத் தொடங்குகிறது, யாருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, எந்த இடத்தில் தனியாக இருக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகும் வெறுப்பு மிஞ்சினால் எழுதுங்கள்.

அழுதேன் என்பதோடு நிறுத்துவது

விட்டோரியோ தே சிக்காவின் 'பைசிக்கிள் தீவ்ஸ்' (1948) முடியும்போது எங்கள் அரங்கில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்கும். கண் கலங்குவதில் தவறில்லை, நானும் கலங்குகிறவன்தான். எந்த இடத்தில் கலங்கினீர்கள் என்று மட்டும் கண்டுபிடியுங்கள். சைக்கிள் திருடி மாட்டிக்கொண்ட அப்பாவைக் கூட்டம் மொய்த்து அடிக்கும்போது அவர் தொப்பி கீழே விழுகிறது. சிறுவன் புரூனோ அதை எடுத்துத் தூசி தட்டுகிறான். எனக்கு அடியில் இல்லை, அந்தத் தூசி தட்டலில்தான் தொண்டை அடைத்தது. அப்பாவாக நடித்தவர் தொழில்முறை நடிகர் இல்லை, ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி என்பதைப் பின்னால்தான் அறிந்தேன்.

கைபேசி

பையில் இருக்கட்டும்.

நினைவை நம்பி எழுதுவது

'பதேர் பாஞ்சாலி'யில் துர்கா இறந்த பிறகு, அவள் திருடினாள் என்று பழி வந்த மணிமாலை அவள் தம்பி அபுவின் கையில் கிடைக்கிறது. அதை அவன் ஆற்றில் எறிகிறான் என்று நான் ஒரு முறை எழுதிவிட்டேன். படத்தில் இருப்பது பாசி படர்ந்த குளம். மாலை விழுந்த இடத்தில் பாசி விலகிக் கறுப்பாக நீர் தெரிகிறது, பிறகு மெல்ல மெல்ல மூடிக்கொள்கிறது. ஆறாக இருந்தால் அடித்துக்கொண்டு போயிருக்கும். குளம் அந்த ரகசியத்தை வாங்கி வைத்துக்கொள்கிறது. ஒரு சொல் தவறியதில் காட்சியே கைவிட்டுப் போயிற்று. எழுதும் முன் அந்த இடத்தை இன்னொரு முறை பாருங்கள், நூறு முறை பார்த்த படமாக இருந்தாலும்.

முடிவு என்ன என்று அடம்பிடிப்பது

அஸ்கர் ஃபர்ஹாதியின் 'எ செபரேஷன்' (2011) திரையிட்டால் கடைசியில் ஒரே கேள்விதான் எழும்: பிரியும் பெற்றோரில் மகள் யாரோடு போனாள்?

முதல் காட்சியை நினைத்துப் பாருங்கள். நாதரும் சிமினும் விவாகரத்துக்காக நீதிபதி முன் உட்கார்ந்து நேராகக் கேமராவைப் பார்த்துப் பேசுகிறார்கள். நீதிபதியின் குரல் மட்டும் வருகிறது. அதாவது அவருடைய நாற்காலியில் நம்மை உட்காரவைத்துவிடுகிறார் ஃபர்ஹாதி. அதன் பிறகு இரண்டு மணி நேரம், தீர்ப்புச் சொல்ல வாய் திறக்கும் ஒவ்வொரு முறையும் இன்னொருவர் பக்கத்து நியாயத்தைக் கொண்டுவந்து வைக்கிறார். வேலைக்கு வந்த ரசியேவும் மறைக்கிறாள், நாதரும் மறைக்கிறான். அப்பாவைக் காப்பாற்ற மகள் தெர்மேகூட நீதிபதியிடம் பொய் சொல்லிவிட்டுக் காரில் உட்கார்ந்து அழுகிறாள். அந்தப் பெண்ணிடம்தான் கடைசியில், அப்பாவா அம்மாவா என்று கேட்கிறார்கள். அவள் முடிவு செய்துவிட்டேன் என்கிறாள். பெற்றோரை வெளியே இருக்கச் சொல்லிவிடுகிறார்கள். நம்மையும்தான்.

நடைவழியில் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். பெயர்கள் ஓடத் தொடங்கிய பிறகும் அவர்கள் காத்துக்கொண்டிருக்கிறார்கள். அரங்கில் அந்த நேரத்தில் செருப்பைத் தேடாதீர்கள். கடைசிப் பெயர் போகும் வரை அவர்களோடு உட்கார்ந்திருங்கள். விளக்கை நான் அதற்குப் பிறகுதான் போடுவேன்.