ட்விஸ்ட் வந்த இரவில் ரசிகர்கள் செய்யும் தவறுகள்

முதலில் ஓர் எச்சரிக்கை. லாஸ்ட், வெஸ்ட்வோர்ல்டு, பேட்டில்ஸ்டார் கேலக்டிகா, தி 100 ஆகிய நான்கு தொடர்களின் முக்கியமான திருப்பங்களைக் கீழே அப்படியே சொல்லியிருக்கிறேன். இவற்றில் எதையாவது இனிமேல்தான் பார்க்கப் போகிறீர்கள் என்றால், பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

அறிவியல் புனைவுத் தொடரில் வரும் பெரிய ட்விஸ்ட் அந்த எபிசோடோடு முடிவதில்லை. மனிதர் என்று நம்பியவர் இயந்திரமாக இருப்பார். இன்று நடப்பதாக நினைத்த காட்சி முப்பது வருடத்துக்கு முன்பு நடந்ததாக இருக்கும். அதுவரை பார்த்த எல்லாவற்றுக்கும் அர்த்தம் மாறிவிடும். அதனால் அந்த ட்விஸ்ட் சரியா தப்பா என்பதற்கான விடை பழைய எபிசோடுகளில்தான் கிடக்கிறது. அங்கே திரும்பிப் போகாமல் தீர்ப்புச் சொல்வதுதான் ரசிகர்கள் செய்கிற முதல் தவறு.

விமான விபத்தில் ஒரு தீவில் சிக்கியவர்களின் கதையான லாஸ்ட் தொடருக்கு நடந்ததைப் பாருங்கள். கடைசி எபிசோட் 2010 மே 23 அன்று ஒளிபரப்பானது. "எல்லாரும் விமான விபத்திலேயே செத்துப்போய்விட்டார்களாம், ஆறு சீசனும் சும்மாவாம்" என்ற பேச்சு பரவியது. இன்றுவரை ஓயவில்லை. தொடரைப் பார்க்காதவர்கள்கூட இதைச் சொல்கிறார்கள். ஆனால் கதைப்படி தீவில் நடந்ததெல்லாம் நிஜமாக நடந்தவை. ஆறாவது சீசனில் மட்டும் வருகிற இணைக் கதைதான் இறப்புக்குப் பிந்தைய இடம். ஒவ்வொருவரும் அவரவர் காலத்தில் இறந்து அங்கே வந்து சேர்கிறார்கள். சிலர் உனக்கு முன்பே இறந்தார்கள், சிலர் உனக்கு வெகுகாலம் கழித்து இறந்தார்கள் என்று நாயகன் ஜாக்கின் அப்பா அவனிடம் தெளிவாகவே சொல்கிறார். இவ்வளவு தெளிவான வசனம் இருந்தும் ஏன் குழப்பம்? கடைசியில் பெயர்கள் ஓடும்போது, ஆளே இல்லாத கடற்கரையில் விமானச் சிதைவுகளைக் காட்டினார்கள். ஒருவரும் பிழைக்கவில்லை என்பதற்கான குறிப்பாகப் பலர் அதை எடுத்துக்கொண்டார்கள். அந்தக் காட்சிகளைச் சேர்த்தது ஏபிசி தொலைக்காட்சி. கதை எழுதியவர்களுக்கு அதில் பங்கில்லை.

லாஸ்ட்டின் முடிவு பிடிக்கவில்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. விடை கிடைக்காத கேள்விகள் என்று ஒரு நீண்ட பட்டியலே போடலாம். ஆனால் தொடரில் நடக்காத ஒரு விஷயத்துக்காக அதைத் திட்டிக்கொண்டிருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. கருத்துச் சொல்வதற்கு முன் ஜாக்கும் அப்பாவும் பேசும் அந்த ஒரு காட்சியை மட்டுமாவது இன்னொரு முறை பாருங்கள். பத்து நிமிடம்கூட ஆகாது.

அடுத்தது, "நான் முன்பே கண்டுபிடித்துவிட்டேன், அதனால் மட்டமான எழுத்து" என்கிற முடிவு. மனித உருவ இயந்திரங்கள் உள்ள ஒரு கேளிக்கைப் பூங்காவில் நடக்கும் வெஸ்ட்வோர்ல்டு முதல் சீசன் 2016இல் வந்தபோது, இளைஞன் வில்லியமும், முப்பது வருடம் கழித்து வரும் கறுப்பு உடை மனிதரும் ஒரே ஆள்தான் என்று ரசிகர்கள் பல வாரங்களுக்கு முன்பே சொல்லிவிட்டார்கள். வில்லியம் வரும் காட்சிகளில் பூங்காவின் லோகோ வேறு மாதிரி இருப்பதைக்கூடக் கவனித்துவிட்டார்கள். இதை எழுத்தாளர்களின் தோல்வி என்று நான் நினைக்கவில்லை. துப்புகளை நேர்மையாக வைத்திருந்தார்கள், அதனால்தான் கண்டுபிடிக்க முடிந்தது. அதுவும் ஆயிரக்கணக்கானவர்கள் கூடி, வாரம் முழுக்கக் காட்சி காட்சியாக நிறுத்திப் பார்த்துக் கண்டுபிடித்தது அது. தனியாக உட்கார்ந்து பார்க்கிற ஒருவரின் அனுபவம் வேறு. இன்னொன்றும் உண்டு. இயந்திரப் பெண்ணான டோலரஸிடம் அவ்வளவு அன்பாக இருந்த பையன்தான் பிற்பாடு அவளைக் கொட்டகைக்கு இழுத்துப் போகிறான் என்று தெரிந்துகொண்டு பார்த்தால், அவர்கள் இருவரும் சேர்ந்து வரும் மென்மையான காட்சிகள்தான் அதிகமாக வலிக்கும். ஆச்சரியம் ஒருமுறைதான் வரும், இந்த வலி ஒவ்வொரு முறையும் வரும்.

இதற்கு நேர் எதிரான தவறும் இருக்கிறது. நம்முடைய தியரி மீது நமக்கே காதல் வந்துவிடுவது. அப்புறம் கதை வேறு வழியில் போனால், நம்மை ஏமாற்றிவிட்டதாகக் கோபம் வருகிறது.

"முதலிலிருந்தே திட்டமிட்டிருக்க வேண்டும்" என்ற எதிர்பார்ப்பையும் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம். பேட்டில்ஸ்டார் கேலக்டிகாவின் மூன்றாவது சீசன் 2007இல் முடிந்தபோது, டை, டிரோல், ஆண்டர்ஸ், டோரி நால்வரும் மனிதர்களின் எதிரிகளான இயந்திர இனத்தவர், அதாவது சைலான்கள் என்று தெரியவந்தது. இது ஆரம்பத்திலேயே முடிவு செய்ததல்ல என்பதைத் தொடரை உருவாக்கிய ரொனால்டு மூரே மறைக்கவில்லை. சரி, அதனால் ட்விஸ்ட் கெட்டுப்போய்விட்டதா? பழைய எபிசோடுகளில் வைத்துப் பாருங்கள். சைலான்களிடம் ஒரு கண்ணை இழந்தவர் டை. அவர்களுக்குத் தகவல் கொடுத்தாள் என்பதற்காகச் சொந்த மனைவியை விஷம் கொடுத்துக் கொன்றவர். அவரே சைலான் என்றால் அந்தக் காட்சிகள் எல்லாம் இன்னும் கனமாகின்றன. டிரோல் விஷயத்தில் தையல் வெளியே தெரிகிறது. சைலானுக்கும் மனிதருக்கும் பிறந்த குழந்தை ஒன்றே ஒன்றுதான் என்று தொடர் சொல்லிவந்தது. அவருக்கோ ஏற்கெனவே மனித மனைவியிடம் ஒரு குழந்தை இருந்ததால், அது வேறொருவருடைய குழந்தை என்று பிற்பாடு மாற்ற வேண்டிவந்தது. ஒரே ட்விஸ்ட்தான், ஓரிடத்தில் அபாரமாகவும் இன்னோரிடத்தில் பலவீனமாகவும் இருக்கிறது. முழுக்கப் பிரமாதம், முழுக்கக் குப்பை என்று இரண்டே பெட்டிகளை வைத்துக்கொண்டால் இதைச் சொல்லவே முடியாது.

கோபத்தை யார்மேல் காட்டுகிறோம் என்பது இன்னும் முக்கியம். 2016 மார்ச்சில் தி 100 தொடரில் லெக்ஸா இறந்தாள். நாயகி கிளார்க்கும் அவளும் காதலில் ஒன்றுசேர்ந்த சிறிது நேரத்திலேயே, கிளார்க்குக்கு வைத்த துப்பாக்கிக் குண்டு அவள்மேல் பாய்கிறது. பெண்ணைக் காதலிக்கும் பெண் கதாபாத்திரங்களைத் தொலைக்காட்சி மீண்டும் மீண்டும் இப்படிக் கொன்றுகொண்டிருந்தது. ரசிகைகள் கொதித்ததில் நியாயம் இருந்தது. "கதைதானே, விடுங்கள்" என்று அவர்களிடம் சொன்னது பெரிய தவறு. எழுத்தாளர்களைத் தனிப்பட்ட முறையில் வசைபாடியதும் தவறுதான். அதே கோபத்தோடு பலர் தி ட்ரெவர் ப்ராஜெக்ட் என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்புக்கு நிதி திரட்டினார்கள், அது 1 லட்சம் டாலரைத் தாண்டியது. தொடரின் ஷோரன்னர், அதாவது தலைமைத் தயாரிப்பாளர், அந்த மாதமே பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார்.

கடைசியாக ஸ்பாய்லர். கதையைச் சொல்லாமல் இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். "எட்டாவது எபிசோடில் ஒரு பயங்கர ட்விஸ்ட் இருக்கு, மிஸ் பண்ணாதே" என்பதும் ஸ்பாய்லர்தான். அதைக் கேட்டவர் அந்த நிமிடத்திலிருந்து எல்லாக் கதாபாத்திரத்தையும் சந்தேகத்தோடு பார்ப்பார். உங்களுக்குப் பிடித்த தொடரை நண்பர் பார்க்க ஆரம்பித்திருந்தால், எத்தனாவது எபிசோடில் இருக்கிறார் என்று மட்டும் கேளுங்கள். மற்றதை அவர் பார்த்து முடித்த பிறகு பேசிக்கொள்ளலாம்.