முடக்குவாதத்தோடு வீடு நடத்துவோருக்குச் சில வழிகள்

காலை ஆறு மணிக்குப் பால் பாக்கெட்டின் முனையைக் கத்தரிக்க முடியாத அதே கை, பதினொரு மணிக்குச் சாம்பாருக்கு முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கும். ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் எனப்படும் முடக்குவாதம் புகுந்த வீடுகளில் இந்த முரண்பாட்டால் எழும் மனக்கசப்பு கொஞ்சநஞ்சமல்ல. பார்ப்பவர்களுக்கு அது சோம்பலாகவோ நடிப்பாகவோ தெரிகிறது. அனுபவிப்பவருக்கோ தன் கையின் மீதே நம்பிக்கை போய்விடுகிறது. உடலின் எதிர்ப்பாற்றல் தன் மூட்டுகளின் உட்சவ்வையே பகையென்று கொண்டு தாக்குவதால் வரும் இந்நோயில், இரவு முழுதும் அசையாதிருந்த மூட்டுகள் விடியலில் இறுகிக் கிடப்பதும், அந்த இறுக்கம் விலக ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ பிடிப்பதும் இயல்பு. பதினொரு ஆண்டுகளாக இதோடு குடும்பம் நடத்தியதில் நான் கற்ற முதற்பாடம், வீட்டைப் பதினொரு மணிக் கைக்கு ஏற்ப அமைக்கக்கூடாது, ஆறு மணிக் கைக்கு ஏற்ப அமைக்க வேண்டும் என்பதே. மருத்துவர் தரும் மருந்துதான் நோயை அடக்குகிறது. இங்கே சொல்லப்படுபவை இருக்கும் மூட்டுகளைத் தேவையின்றிச் செலவழிக்காமலிருப்பதற்கான ஏற்பாடுகள்.

விடியற்காலை

காலை வேலையில் பாதியை முந்தைய நாள் மாலையிலேயே முடித்து வைப்பது நல்லது. காய் நறுக்குவது, புளி ஊற வைப்பது, மறுநாள் உடுக்கும் துணியை எடுத்து வைப்பது ஆகியவை மாலைக் கைக்கு எளிது. படுக்கையருகே, மேலே அழுத்தினால் நீர் வரும் வகை ஃபிளாஸ்க்கில் வெந்நீர் நிரப்பி வைத்துக்கொண்டால், எழுந்ததும் ஓர் அகலப் பாத்திரத்தில் அதை ஊற்றித் தண்ணீர் கலந்து, முழங்கையால் சூடு பார்த்து, இரு கைகளையும் பத்து நிமிடம் அமிழ்த்தி வைக்கலாம். நீருக்குள்ளேயே விரல்களை மெல்ல மடக்கி விரிக்க வேண்டும். ஒரு கையால் மற்றொரு கையின் விரல்களை இழுப்பதோ நெட்டி முறிப்பதோ கூடாது. இறுக்கத்துக்கு வெந்நீர் இதமளிக்கும்; புதிதாக வீங்கிச் சூடாக இருக்கும் மூட்டுக்கோ, துணியில் சுற்றிய பனிக்கட்டி ஏற்றது. ஒரேயொரு மூட்டு மட்டும் திடீரெனச் சிவந்து வீங்கிக் காய்ச்சலும் அடித்தால், அது மூட்டுக்குள் சீழ் பிடித்ததன் அறிகுறியாக இருக்கலாம் என்பதால், கைவைத்தியத்தில் ஒரு நாளையும் கழிக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

சமையலறை

நம் சமையல் விரல்களை நம்பி நடப்பது. தேங்காய் துருவுவது, முறுக்கு பிழிவது, சோறு வடிப்பது, சப்பாத்தி மாவு பிசைவது ஆகிய எல்லாமே இறுகப் பிடித்துத் திருகுகிற அல்லது அழுத்துகிற வேலைகள். இந்நோயில் மணிக்கட்டும் விரல்களின் அடிமூட்டும் நடுமூட்டுமே பெரும்பாலும் முதலில் பாதிக்கப்படுகின்றன. நாளடைவில் விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்வதும் உண்டு. ஆகவே கவனத்தில் கொள்ள வேண்டியது ஒன்றுதான்: விரல் செய்யும் வேலையை உள்ளங்கைக்கும், உள்ளங்கை செய்யும் வேலையை முழங்கைக்கும், அது செய்வதைத் தோளுக்கும் மாற்றிக்கொண்டே போக வேண்டும். பையை விரல்களில் தொங்கவிடாமல் முன்கையிலோ தோளிலோ மாட்டிக்கொள்வதும், டப்பா மூடியின் மேல் ரப்பர் துண்டைப் போட்டு உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்தித் திருப்புவதும், வாணலியை ஒரு கையால் தூக்காமல் இரு உள்ளங்கைகளாலும் ஏந்துவதும் இதன்படி வந்தவையே.

இட்லி மாவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நான் மிகுதியாகப் பாடுபட்டது அதில்தான். கிரைண்டரில் மாவாட்டுவதில் கை நோவது ஆட்டும்போது அல்ல. கல்லைத் தூக்கும்போதும், மாவு நிறைந்த பாத்திரத்தைக் கவிழ்க்கும்போதும், வழித்தெடுக்கும்போதும்தான். சாய்த்து ஊற்றும் வகைக் கிரைண்டராக இருந்தாலும், மாவைச் சிறு கிண்ணத்தால் மொண்டு மொண்டு எடுப்பதே நல்லது. மாவை ஐந்து லிட்டர் தூக்கில் வைக்காமல், அரை லிட்டர் கொள்ளும் டப்பாக்களில் பிரித்து வைத்தால் ஒவ்வொரு காலையும் ஒரு டப்பாவை மட்டும் எடுத்தால் போதும். பொங்கி வழியாமலிருக்கப் பாதியளவு இடம் விட மறக்கக்கூடாது. இதுவும் முடியாத வாரத்தில் கடை மாவு வாங்குங்கள். கடை மாவு வாங்குவதைக் குடும்ப மானத்தோடு முடிச்சுப் போடும் உறவினர் எல்லா வீட்டிலும் ஒருவர் இருப்பார். அவரை மாவாட்டச் சொல்லிவிடலாம்.

சோறு வடிப்பதை அறவே விட்டுவிடுவது நல்லது. அளவாக நீர் வைத்துக் குக்கரில் வேக வைக்கலாம். வடித்த சோறுதான் வேண்டுமென்றால், துளையிட்ட பாத்திரத்தைப் பெரிய பாத்திரத்துக்குள் இறக்கி அரிசியை அதிலேயே வேகவிட்டு, வெந்ததும் அரிகரண்டியால் தட்டுக்கு எடுக்கலாம். கொதிக்கும் பானையைச் சாய்க்கும்போது மணிக்கட்டு கைவிட்டால் நோய் போதாதென்று தீப்புண்ணும் சேரும். தேங்காயைத் துருவாமல் கீறிப் பல்லுப் பல்லாக்கி மிக்ஸியில் அடித்துக்கொள்ளலாம். காபி டம்ளரின் விளிம்பை இரு விரல் நுனியால் கிள்ளிப் பிடிக்கும் நம் வழக்கத்தை விட்டுவிட்டு, நான்கு விரலும் நுழையும் கைப்பிடியுள்ள குவளைக்கு மாற நான் இரண்டு ஆண்டு பிடிவாதம் பிடித்தேன். அந்த இரண்டு ஆண்டும் வீண்.

மெல்லிய பிடிகளைத் தடிமனாக்குவதற்குக் கடையில் தனிக் கருவி தேட வேண்டியதில்லை. ஏசி பொருத்துபவர்கள் செம்புக் குழாயின் மேல் மாட்டும் கருப்பு நுரைக் குழல் மீட்டர் கணக்கில் கிடைக்கும். அதில் விரல் நீளத்துக்கு வெட்டிக் கரண்டி, கத்தி, பல் துலக்கி, பேனா, துடைப்பம் என எதில் வேண்டுமானாலும் செருகலாம். பிடி பருமனானால் விரல்களை முழுதாக மடக்கத் தேவையில்லை, இறுக்கவும் தேவையில்லை. சமையல் கரண்டியில் மாட்டியது ஈரத்தை இழுத்து நாற்றமெடுக்கும் என்பதால், அதை அடிக்கடி மாற்றிவிட வேண்டும்.

குளியலும் துணியும்

துணி பிழிவதைப் போல விரல்களைக் கெடுக்கும் வேலை வேறில்லை. ஈரத் துண்டைக் குழாயின் கழுத்தில் சுற்றி இரு நுனிகளையும் சேர்த்து முன்கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்தால், பாதி நீர் தானாக வடிந்துவிடும். மீதி கொடியில் சொட்டட்டும். குளியலறையில் நிறை வாளியைத் தூக்காமல், குழாயிலிருந்து ரப்பர் குழாய் போட்டு வாளி இருக்கும் இடத்திலேயே நிரப்பலாம். திருகு குழாயை எடுத்துவிட்டு, முழங்கையால் தட்டித் திறக்கும் நீண்ட கைப்பிடிக் குழாயைப் பொருத்துவது ஒரு பிளம்பரின் அரை நாள் வேலை. தரையோடு அமைந்த கழிப்பறையில் முழங்கால் மடங்காதவர்களுக்கு, நடுவில் துளையுள்ள நாற்காலி மருத்துவக் கருவிகள் விற்கும் கடைகளில் கிடைக்கிறது. ரவிக்கைக் கொக்கிகளுக்குப் பதிலாக வெல்க்ரோ தைத்துக்கொள்ளலாம்.

எந்த வேலையிலும் வலி வந்த பின் நிறுத்துவது தாமதம். வேலை முடிந்து இரண்டு மணி நேரத்துக்குப் பிறகும் கூடுதல் வலி நீடித்தால், அன்று செய்தது அளவுக்கு மீறியது என்று கொண்டு அடுத்த முறை குறைத்துக்கொள்ள வேண்டும். உடம்பு இலேசாக இருக்கும் நாளில் பரணை ஒழிப்பது, ஜன்னல் திரைகளைத் துவைப்பது என்று இறங்கி, அடுத்த மூன்று நாள் படுத்துக் கிடப்பது இந்நோயாளிகள் எல்லோரும் செய்யும் தவறு. நானும் இன்னும் முழுதாக விடவில்லை.

மருந்து

முடக்குவாதத்துக்கு முதலில் தரப்படும் முதன்மை மருந்தான மெத்தோட்ரெக்சேட் வாரத்தில் ஒரே ஒரு நாள் எடுக்க வேண்டியது. தினமும் எடுத்தால் அது எலும்பு மஜ்ஜையைத் தாக்கி உயிருக்கே உலை வைக்கும். ஒருமுறை ஒரு மருந்துக்கடையில், மாத்திரை உறையின் மேல் பழக்க தோஷத்தில் தினம் ஒன்று என்று எழுதிக் கொடுத்தார்கள். மருந்துச் சீட்டில் மருத்துவர் கிழமையின் பெயரை எழுதியிருந்ததால் தப்பித்தேன். ஆகவே கிழமையைச் சீட்டில் எழுதித் தரும்படி கேட்பதும், அந்தக் கிழமையை நாட்காட்டியில் ஆண்டு முழுதும் வட்டமிட்டு வைப்பதும், அதன் பக்கவிளைவுகளைக் குறைக்கத் தரப்படும் ஃபோலிக் அமில மாத்திரையை வேறு டப்பாவில் வைப்பதும் கட்டாயம். இரண்டும் பார்வைக்கு ஒத்திருப்பதுண்டு. இம்மருந்து எடுக்கும்போது மது கூடாது. இரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றுக்கான சோதனைகளைத் தவணை தவறாமல் செய்ய வேண்டும். குழந்தை பெறும் எண்ணமிருந்தால் பல மாதங்களுக்கு முன்பே மருத்துவரிடம் பேச வேண்டும். சிறுநீர்த் தொற்று போன்றவற்றுக்கு வேறொரு மருத்துவர் கோ-டிரைமாக்சசோல் என்ற கிருமிக்கொல்லி மருந்தை எழுதினால், மெத்தோட்ரெக்சேட் எடுப்பதை அவரிடம் சொல்லியாக வேண்டும். இரண்டும் சேர்வது ஆபத்து.

ஸ்டீராய்டு மாத்திரைகளைத் திடீரென நிறுத்தக்கூடாது. மூன்றே நாளில் வலி பறந்துவிடும் என்று பெயரும் சேர்மானமும் அச்சிடாத பொடிப் பொட்டலத்தை யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். அப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை கண்டறியப்பட்டுள்ளது.

மருத்துவரைக் காணும் நேரம் நண்பகலாக இருந்தால், அதற்குள் வீக்கம் வடிந்து கை நல்ல கையாகிவிடும். அதனால் காலையில் வீங்கிய கையைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு சிறு நோட்டில் நாளுக்கு ஒரு வரி, அதாவது விடியற்கால இறுக்கம் எத்தனை நிமிடம் நீடித்தது, எந்த மூட்டு வீங்கியது என்று மட்டும் எழுதினால் போதும். ரொம்ப வலிக்கிறது என்பதைவிட, இறுக்கம் நாற்பது நிமிடத்திலிருந்து இரண்டு மணி நேரமாகிவிட்டது என்பது மருத்துவருக்கு உதவும்.

சான்றிதழும் சலுகையும்

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. முடக்குவாதம் என்ற பெயர் அப்பட்டியலில் இல்லை. ஆனால் அந்நோயால் மூட்டுகள் நிலையாகப் பாதிக்கப்பட்டிருந்தால், இயக்கக் குறைபாடு என்ற வகையில் விண்ணப்பிக்கலாம். நோயின் பெயரைப் பார்த்தல்ல, மூட்டின் அசைவும் பலமும் எவ்வளவு குறைந்துள்ளன என்று அளந்தே சதவீதம் தரப்படுவதால், எக்ஸ்ரே படங்களையும் பழைய சீட்டுகளையும் காலவரிசையில் கோத்து எடுத்துச் செல்ல வேண்டும். பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம் வேண்டும். தனித்துவ அடையாள அட்டையான யுடிஐடிக்கு ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம்; விவரம் புரியாவிட்டால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்கலாம்.

தமிழ்நாட்டு அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிகளும் உடன் வரும் துணைவர் ஒருவரும் கட்டணமின்றிப் பயணிக்கலாம். ரயில் சலுகையில் ஒரு நுணுக்கம் உண்டு: இயக்கக் குறைபாட்டுக்கான கட்டணக் குறைப்பு, துணையின்றிப் பயணிக்க இயலாதவர்களுக்கு மட்டுமே உரியது, சான்றிதழ் இருந்தாலே போதும் என்று நினைத்து நிலையத்தில் அலைந்தவர்கள் பலர். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கான முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சையும் அடங்கும். மாதாந்தர மருந்துச் செலவு தாங்காதவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளை நாடலாம். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் ருமட்டாலஜி எனப்படும் மூட்டுவாத மருத்துவத்துக்கெனத் தனித் துறையே இயங்குகிறது. வீட்டை விட்டு வெளியேற முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே வருவதுண்டு. இதற்குப் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிய வேண்டும்.

வீட்டாரிடம் கேட்பது

கொஞ்சம் ஒத்தாசையாக இருங்கள் என்று பொதுவாகச் சொன்னால் எவரும் எழுந்து வரமாட்டார்கள். அவர்கள் கெட்டவர்கள் என்பதால் அல்ல, எதைச் செய்வதென்று தெரியாததால். வேலையைப் பெயரிட்டு, ஆளைப் பெயரிட்டுச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் சிலிண்டர் ரெகுலேட்டரைத் திருப்புவது கணவர் வேலை; வெந்நீர் ஃபிளாஸ்க் நிரப்புவது மகள் வேலை. குளியலறைக்கு உள்தாழ்ப்பாள் போடாமல், உள்ளே ஆள் இருப்பதைக் காட்டக் கதவுக்கு வெளியே துண்டு தொங்கவிடுவது எல்லோருக்கும் பொது வழக்கம். இரவில் சமையலறையிலிருந்து கடைசியாக வெளியேறுபவர், காபித்தூள், சர்க்கரை, உப்பு டப்பாக்களின் மூடிகளைத் திருகித் தளர்த்தி, மேலே சும்மா வைத்துவிட்டு, பால் பாக்கெட் வெட்டும் கத்தரிக்கோலை ஃபிரிட்ஜின் மேல் திறந்தபடியே வைத்துவிட்டு விளக்கை அணைக்க வேண்டும்.