செங்காந்தளை இலையை வச்சே கண்டுபிடிக்கலாம்

நம்ம தமிழ்நாட்டோட மாநில மலர் செங்காந்தள், ஆனா வேலியில படர்ந்து கெடந்தாலும் நிறையப் பேரு கண்டுக்காம போயிடுறாங்க, அது எனக்கு ரொம்ப வருத்தம். அதான் புதுசா செடி பாக்க ஆரம்பிக்கிறவங்களுக்காக இதை எழுதுறேன்.

முதல்ல காலம். மழை பேஞ்சதும் கிழங்குலருந்து முளைச்சு வரும், புரட்டாசியிலருந்து கார்த்திகைக்குள்ள போனா பூவோட பாக்கலாம். சித்திரை வெயில்ல தேடுனா ஒண்ணும் இருக்காது, கொடி காஞ்சு கிழங்கு மட்டும் மண்ணுக்குள்ள கெடக்கும். அழகர்மலை அடிவாரம், சிறுமலைப் பக்கம், முள்ளுப் புதர் ஓரம், வேலியோரம் பாருங்க.

அடுத்து இலை, இங்கதான் நிதானமா பாக்கணும். காம்பே இல்லாம தண்டுல ஒட்டுன மாதிரி நீளமான இலை, நரம்பெல்லாம் நெட்டுக்கு ஓடும், நுனி அப்படியே மெலிஞ்சு ஸ்பிரிங் மாதிரி சுருண்டிருக்கும். அந்தச் சுருள வச்சுத்தான் பக்கத்துச் செடியைப் பிடிச்சு ஏறுது. பூ இல்லாத நாள்லயும் இது ஒண்ணு போதும்.

பூ தலைகீழாத் தொங்கும், ஆனா ஆறு இதழும் ஓரம் நெளிநெளியா மேல்பக்கமா மடங்கி நிக்கும். மொட்டுல பச்சை, விரியும்போது அடியில மஞ்சளும் நுனியில சிவப்பும், நாள் ஆக ஆக முழுசும் சிவப்பாயிரும், அதனால ஒரே கொடியில ரெண்டு மூணு கலர் பாத்தா வேற வேற பூன்னு நெனச்சுக்காதீங்க. கீழ ஆறு மகரந்தத் தண்டு விரிஞ்சு நிக்கும், நடுவுல இருக்க சூல்தண்டு மட்டும் அடியிலயே பக்கவாட்டுல மடங்கி வெளிய நீட்டிக்கிட்டிருக்கும், பக்கத்துல போயி பாருங்க, அவ்வளவு அழகு.

பழைய புத்தகத்துல லில்லி குடும்பம்னு இருக்கும், இப்ப கோல்ச்சிகேசியேன்னு தனிக் குடும்பத்துல வைக்கிறாங்க.

கிழங்கைத் தோண்டிப் பாக்கவே வேணாம். கண்வலிக்கிழங்குன்னு சொல்றது இதைத்தான், கோல்ச்சிசின்ங்கிற விஷம் செடி முழுக்க இருக்கு, கிழங்குலயும் விதையிலயும் ஜாஸ்தி. சாப்பிடுற கிழங்குன்னு நெனச்சு தின்னு உயிர் போயிருக்கு. பிள்ளைங்க யாராச்சும் வாயில வச்சுட்டா வாந்தி பேதி வரட்டும்னு காத்திருக்காம, அந்தச் செடியில ஒரு துண்டையும் எடுத்துக்கிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க.