கழுத்து வலியோடு வரும் தலைச்சுற்றல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை வெட்டுகிறவர்களுக்குக் கழுத்து வலி புதிதன்று. அந்த வலியோடு தலைச்சுற்றலும் சேர்ந்துகொண்டால், "கழுத்து நரம்பு பிடித்துக்கொண்டது, அதனால்தான் சுற்றுகிறது" என்று வீட்டிலேயே முடிவு கட்டிவிடுகிறோம். இந்த அவசர முடிவுதான் முதல் தவறு. மற்றத் தவறுகளில் பெரும்பாலானவை இதிலிருந்தே கிளைக்கின்றன.

கழுத்தினால் தலைச்சுற்றல் வரக்கூடும் என்பது உண்மை. மேல் கழுத்தின் தசைகளிலும் மூட்டுகளிலும் உள்ள உணர்நரம்புகள், தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை மூளைக்கு இடைவிடாமல் அறிவிக்கின்றன. காயத்தாலோ இறுக்கத்தாலோ அந்த அறிவிப்பு பிசகினால், கண்ணும் உட்காதும் தரும் செய்தியோடு அது ஒத்துப்போகாமல் நிலைதடுமாற்றம் உண்டாகிறது. ஆனால் இதை உறுதிப்படுத்தத் தனிச் சோதனை எதுவும் இல்லை. மற்றக் காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கிய பிறகே மருத்துவர் கழுத்துக்கு வருவார். நாமோ அங்கிருந்தே தொடங்குகிறோம். எக்ஸ்ரேயில் எலும்புத் தேய்மானம் தெரிந்ததைக் காட்டி வாதிடுவதும் பொருந்தாது. ஐம்பது வயதைக் கடந்தவர்களில் எந்தத் தொல்லையும் இல்லாத பலருக்கும் அதே தேய்மானம் தெரியும்.

உயர்ந்த மரத்தின் அடியில் நின்று, தலையை நன்றாகப் பின்னுக்குச் சாய்த்து, நீண்ட கம்பின் நுனியில் பூட்டிய அரிவாளைக் குலையின் காம்பில் மாட்டும் கணத்தில் ஒருவருக்குச் சுற்றுப்புறமே சுழல்கிறது என்று வைத்துக்கொள்வோம். கழுத்தை வளைத்தபோது வந்ததால் கழுத்தைச் சந்தேகிப்பது இயல்பே. ஆனால் அதே சுழற்சி, இரவில் படுக்கையில் புரளும்போதும் காலையில் எழும்போதும் வந்து ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடுகிறதா என்று அவரிடம் கேட்க வேண்டும். ஆம் என்றால், உட்காதில் உள்ள நுண்ணிய கால்சியம் துகள்கள் இடம் பெயர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் புகுந்திருக்கவே வாய்ப்பு அதிகம். மார்கரெட் டிக்ஸ், சார்ல்ஸ் ஹால்பைக் என்ற இருவர் 1952இல் விவரித்த எளிய படுக்கைச் சோதனையால் இதைக் கண்டறியலாம். தலையை வரிசையாகச் சில கோணங்களில் திருப்பித் துகள்களைப் பழைய இடத்துக்கே கொண்டுசேர்க்கும் முறைக்கு, அதை வகுத்த அமெரிக்க மருத்துவர் ஜான் எப்லியின் பெயரே வழங்குகிறது. பலருக்கு ஒன்றிரண்டு முறையிலேயே குணம் தெரிகிறது. இவ்வளவு எளிதில் தீரக்கூடிய ஒன்றுக்காக மாதக்கணக்கில் கழுத்துக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. ஆயினும் கழுத்து வலி உள்ளவர்கள் கைப்பேசிக் காணொளியைப் பார்த்து இதைத் தாமே செய்துகொள்ளக் கூடாது. சோதனைக்கு முன்பே வலியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

கழுத்தினால் வருவது பெரும்பாலும் இப்படிச் சுழலாது. தலை லேசாகி மிதப்பதுபோலவோ, நடை தள்ளாடுவதுபோலவோ இருக்கும். வலி கூடும்போது கூடி, குறையும்போது குறையும்.

இரண்டாவது தவறு உயிருக்கே ஆபத்தாகலாம். முடி திருத்தும் கடையிலோ, சுளுக்கு எடுப்பவரிடமோ கழுத்தைச் சடக்கென்று திருப்பிச் சொடுக்கெடுக்கச் சொல்வது நம்மிடையே வெகு சாதாரணம். மூளையின் பின்பகுதிக்கு இரத்தம் கொண்டுபோகும் இரண்டு தமனிகள் கழுத்து எலும்புகளில் உள்ள துளைகளின் வழியே ஏறிச் செல்கின்றன. திடீர்த் திருப்பலில் அவற்றின் உட்சுவர் கிழிந்தால், அங்கே இரத்தம் உறைந்து பக்கவாதம் வரலாம். இது அரிது என்றாலும், வந்தால் மீள்வது கடினம். முன்பு அறியாத கழுத்து வலியும் தலைச்சுற்றலும் திடீரென ஒன்றாக வந்திருந்தால், தமனி ஏற்கெனவே கிழிந்திருக்கவும் கூடும். அந்நிலையில் சொடுக்கெடுப்பதைவிடக் கேடு வேறில்லை. மெல்ல நீவிவிடுவதுகூட மருத்துவர் பார்த்த பிறகே இருக்கட்டும்.

பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, முகம் கோணுதல், கை கால் பலவீனம், விழுங்க முடியாமை, துணையின்றி நிற்க இயலாமை, இதுவரை கண்டிராத கடும் தலைவலி ஆகியவற்றில் ஒன்று தலைச்சுற்றலோடு சேர்ந்தாலும் உடனே 999ஐ அழைக்க வேண்டும். தூங்கி எழுந்தால் சரியாகும் என்று படுக்கவைப்பதும், தெம்புக்காகக் காப்பி கொடுப்பதும் கூடாது. இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். தோட்டத்திலிருந்து மருத்துவமனைக்குச் செல்லும் நேரமும் அதில்தான் அடங்குகிறது.

இரத்த அழுத்தத்தை உட்கார்ந்தபடி மட்டும் பார்த்துவிட்டு நிறைவடைவது மற்றொரு தவறு. எழுந்து நின்ற மூன்று நிமிடங்களுக்குள் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால், காரணம் அதுவாக இருக்கலாம். வெயிலில் நீரின்றி வேலை செய்பவர்களுக்கும், அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கும் இது நேர்வதுண்டு. அதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. படுத்தும் நின்றும் அளக்கும்படி கிளினிக்கில் கேட்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் சர்க்கரை அளவையும் பார்க்க வேண்டும்.

மருந்துக் கடையில் வாங்கும் தலைச்சுற்றல் மாத்திரையை வாரக்கணக்கில் விழுங்குவதும் வழக்கமாகிவிட்டது. புரோகுளோர்பெரசின், சின்னாரிசின் போன்றவை கடுமையான ஓரிரு நாள்களுக்கு உதவும். நீட்டித்தால் மூளை தானாகச் சமநிலை பழகுவது தாமதமாகும், முதியவர்களுக்கு உடல் விறைப்பும் கைநடுக்கமும் வரலாம். கழுத்துப் பட்டையை நாள் முழுவதும் அணிந்து அசையாமல் இருப்பதும் தசைகளைப் பலவீனமாக்கிவிடும். உண்மையிலேயே கழுத்துதான் காரணம் என்று தெரிந்தால், மருத்துவர் அனுப்பும் இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) சொல்லித்தரும் மென்மையான அசைவுகளும், கண்ணையும் தலையையும் ஒருங்கிணைக்கும் பயிற்சிகளுமே பயன் தரும்.

சுற்றல் தீரும்வரை குலை வெட்டுவதையும் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதையும் தள்ளிவைக்க வேண்டும். மண்டோரிடம் (வேலை மேற்பார்வையாளரிடம்) சொல்லத் தயங்கி, ஒரு நாள் சம்பளம் போகுமே என்று அரிவாளோடு மரத்தடிக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். மருத்துவரிடம் செய்யும் வேலையை விளக்கிச் சொன்னால், எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) தருவதோடு, அண்ணாந்து பார்க்க வேண்டாத வேலைக்குச் சில நாள் மாற்றும்படியும் எழுதித் தரக் கேட்கலாம்.