பிழைச்செய்தி வராது, விடை மட்டும் தவறாக வரும்: வினவல் கோளாறுகளைக் கண்டுபிடிக்கும் முறை

தரவுத்தளத்திடம் கேள்வி கேட்க நாம் எழுதும் எஸ்கியூஎல் வினவலில் எழுத்துப்பிழை இருந்தால் தரவுத்தளமே சொல்லிவிடும். எந்த வரியில் என்றும் காட்டிவிடும். அந்த வகைப் பிழைகளை இங்கே நான் தொடப்போவதில்லை. வினவல் ஒழுங்காக ஓடுகிறது, விடையும் வருகிறது, ஆனால் அந்த விடை தவறு. இதுதான் அச்சமூட்டுவது. யாராவது கணக்குப் பார்த்துக் கேட்கும்வரை அது வெளியே தெரியாது.

ஒரு நூலகத்தின் தரவுத்தளத்தைப் பராமரித்து வந்தபோது, 'ஒருமுறைகூட நூல் இரவல் வாங்காத உறுப்பினர்கள்' என்ற பட்டியலை மாதந்தோறும் எடுப்பேன். பல மாதங்கள் சரியாக வந்துகொண்டிருந்த பட்டியல் ஒரு மாதம் வெறுமையாக வந்தது. வினவலில் ஓர் எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாள் உங்களுக்கு மிச்சமாக வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

செலக்ட், ஜாயின், குரூப் பை ஆகியவற்றை நீங்கள் ஓரளவு எழுதியிருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். விசைச்சொற்களை ஒலிப்பின்படி தமிழில் தந்திருக்கிறேன்; தட்டச்சு செய்யும்போது வழக்கமான வடிவில் இடுங்கள். நான் பயன்படுத்துவது போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள். இன்னொரு தரவுத்தள மென்பொருளான மைஎஸ்கியூஎல்லில் வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

படி 1: விடை தெரிந்த ஒரே ஓர் ஆளைப் பிடியுங்கள்

முழுப் பட்டியலையும் பார்த்துக்கொண்டிருந்தால் எதுவும் புரியாது. விடை இன்னதுதான் என்று உங்களுக்கு ஐயமின்றித் தெரிந்த ஒரு பதிவைத் தேர்ந்தெடுங்கள். என் விஷயத்தில், முந்தைய வாரம் சேர்ந்து இன்னும் எந்த நூலையும் எடுக்காத ஓர் உறுப்பினர். அவர் பட்டியலில் இருந்தே ஆக வேண்டும், இல்லை. எனவே தவறு வினவலில்தான் இருக்கிறது என்பது உறுதியாகிவிட்டது.

படி 2: கருவிகள் மறைப்பதை வெளியே கொண்டுவாருங்கள்

வினவலைச் சோதிப்பதற்கு நான் பரிந்துரைப்பது பிஎஸ்கியூஎல் என்ற கட்டளைவரிக் கருவி. டிபீவர் போன்ற படமுகக் கருவிகள் அட்டவணைகளை உலவிப் பார்க்க மிக வசதியானவை. ஆனால் டிபீவர் இயல்பாக முதல் 200 பதிவுகளை மட்டுமே கொண்டுவந்து காட்டும். திரையில் 200 என்று பார்த்துவிட்டு 'மொத்தமே 200தான்' என்று முடிவு செய்துவிடாதீர்கள். எண்ணிக்கை வேண்டுமென்றால் கவுன்ட்(*) போட்டே எண்ணுங்கள்.

பிஎஸ்கியூஎல்லிலும் ஒரு குறை உண்டு. நல் மதிப்பையும் (எதுவும் நிரப்பப்படாத புலம்) வெற்றுச் சரத்தையும் அது ஒரேபோல, வெறும் இடைவெளியாகக் காட்டும். அதனால் உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாக இதை இடுங்கள்:

\பிசெட் நல் '[நல்]'

இந்த ஒரு வரியை முதல் நாளே இட்டிருந்தால் என் தேடல் அன்றே முடிந்திருக்கும்.

படி 3: வினவலை உள்ளிருந்து வெளியே ஓட்டுங்கள்

உள்வினவல் இருந்தால் அதை மட்டும் தனியாக எடுத்து ஓட்டுங்கள். பல ஜாயின் இருந்தால் முதல் அட்டவணையை மட்டும் வைத்துப் பதிவுகளை எண்ணுங்கள். பிறகு ஒவ்வொரு ஜாயினாகச் சேர்த்து மறுபடி மறுபடி எண்ணுங்கள். எண்ணிக்கை எதிர்பாராமல் குறையும் இடமோ பெருகும் இடமோதான் கோளாறு இருக்கும் இடம். குறைந்தால் படி 4 அல்லது 5. பெருகினால் படி 6.

படி 4: நல் இருக்கும் பட்டியலில் 'நாட் இன்'

என்னை நிறுத்தி வைத்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். என் வினவல் இது:

செலக்ட் பெயர் ஃப்ரம் உறுப்பினர்
வேர் எண் நாட் இன் (செலக்ட் உறுப்பினர்_எண் ஃப்ரம் இரவல்)

படிக்கும்போது எந்தக் குறையும் தெரியாது. இப்போது சிறிய தரவு ஒன்றை வைத்துக்கொள்வோம். உறுப்பினர் அட்டவணையில் 1 முதல் 5 வரை ஐந்து பேர். இரவல் அட்டவணையில் உறுப்பினர்_எண் புலத்தில் நான்கு பதிவுகள்: 1, 2, 2, நல். நாம் எதிர்பார்ப்பது 3, 4, 5. வருவது ஒன்றுமில்லை.

3ஆம் எண் உறுப்பினரைத் தரவுத்தளம் எப்படிச் சோதிக்கிறது என்று பாருங்கள். 'நாட் இன்' என்பதை அது இப்படி விரித்துக்கொள்கிறது:

3 <> 1 அண்ட் 3 <> 2 அண்ட் 3 <> நல்

முதல் ஒப்பீடு உண்மை. இரண்டாவதும் உண்மை. மூன்றாவது உண்மையும் இல்லை, பொய்யும் இல்லை. நல் என்றால் 'மதிப்பு தெரியவில்லை' என்று பொருள். தெரியாத ஒன்று 3க்குச் சமமா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. எனவே விடை 'தெரியாது'. உண்மையோடு 'தெரியாது' அண்ட் வழியாகச் சேர்ந்தால் மொத்தமும் 'தெரியாது' ஆகிவிடும். வேர் நிபந்தனையோ 'உண்மை' என்று வந்த பதிவுகளை மட்டுமே உள்ளே விடும். ஆக 3 வெளியே. அதே காரணத்தால் 4, 5 வெளியே. 1, 2 பொய் என்பதால் வெளியே. ஒரே ஒரு நல், பட்டியல் முழுவதையும் துடைத்துவிட்டது.

'இன்' மட்டும் எழுதினால் இப்படி நடக்காது. 1 பட்டியலில் இருந்தால் 'உண்மை' வந்துவிடும், பக்கத்தில் நல் இருந்தாலும் கவலையில்லை. 'இன்' பல ஆண்டுகள் ஒழுங்காக வேலை செய்வதைப் பார்த்தவர்கள் 'நாட் இன்' என்பதையும் அப்படியே நம்பிவிடுகிறார்கள்.

அந்த நல் எங்கிருந்து வந்தது? உறுப்பினர் ஒருவர் விலகியதால் அவருடைய பதிவு நீக்கப்பட்டிருந்தது. இரவலை உறுப்பினர் அட்டவணையோடு பிணைக்கும் அயல்விசையில் 'ஆன் டெலீட் செட் நல்' என்று அமைக்கப்பட்டிருந்ததால் அவருடைய பழைய இரவல் பதிவில் உறுப்பினர்_எண் தானாகவே நல் ஆகிவிட்டது. வினவலை யாரும் தொடவில்லை, தரவு மாறிவிட்டது. 'நேற்றுவரை சரியாக இருந்தது' என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது அண்மையில் எதையாவது நீக்கினீர்களா என்பதுதான்.

திருத்தம்:

செலக்ட் உ.பெயர் ஃப்ரம் உறுப்பினர் உ
வேர் நாட் எக்ஸிஸ்ட்ஸ் (செலக்ட் 1 ஃப்ரம் இரவல் இ வேர் இ.உறுப்பினர்_எண் = உ.எண்)

உள்வினவலில் 'வேர் உறுப்பினர்_எண் இஸ் நாட் நல்' என்று சேர்த்தாலும் விடை சரியாகிவிடும். இருந்தும் நான் 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' பக்கம்தான் நிற்பேன். 'இஸ் நாட் நல்' எழுத ஒருநாள் மறந்துவிடலாம். இதில் மறப்பதற்கு எதுவும் இல்லை. உள்வினவலோடு 'நாட் இன்' எழுதுவதை நான் அடியோடு விட்டுவிட்டேன்.

இதே நல், வேறு வேடத்திலும் வரும். 'நிலை <> 'திருப்பப்பட்டது'' என்று கேட்டால், நிலை நிரப்பப்படாத பதிவுகள் விடையில் வரா. அவையும் வேண்டுமென்றால் போஸ்ட்கிரெஸில் 'இஸ் டிஸ்டிங்ட் ஃப்ரம்' பயன்படுத்துங்கள். மைஎஸ்கியூஎல்லில் <=> என்ற குறி நல்லையும் சேர்த்து ஒப்பிடும்; அந்த ஒப்பீடு முழுவதற்கும் முன்னால் 'நாட்' சேர்த்தால் போதும்.

படி 5: 'லெஃப்ட் ஜாயின்' எழுதியும் ஆட்கள் காணாமல் போவது

எல்லா உறுப்பினர்களும் வேண்டும், மார்ச் மாதத்திலிருந்து எத்தனை நூல் எடுத்தார்கள் என்ற எண்ணிக்கையோடு. பலரும் எழுதுவது:

செலக்ட் உ.பெயர், கவுன்ட்(*)
ஃப்ரம் உறுப்பினர் உ
லெஃப்ட் ஜாயின் இரவல் இ ஆன் இ.உறுப்பினர்_எண் = உ.எண்
வேர் இ.இரவல்_நேரம் >= '2024-03-01'
குரூப் பை உ.எண், உ.பெயர்

நூல் எடுக்காதவருக்கு இரவல் பக்கப் புலங்கள் எல்லாம் நல்லாக வரும். வேர் நிபந்தனை அந்த நல்லைத் தேதியோடு ஒப்பிட்டு, 'தெரியாது' என்று கண்டு, அவரை வெளியேற்றிவிடும். லெஃப்ட் ஜாயின் செய்த உதவியை வேர் பறித்துக்கொண்டது. தேதி நிபந்தனையை 'ஆன்' பகுதிக்குள் அண்ட் போட்டு நகர்த்துங்கள். கூடவே கவுன்ட்(*) என்பதைக் கவுன்ட்(இ.எண்) என்று மாற்றுங்கள். இல்லையென்றால் ஒரு நூலும் எடுக்காதவருக்கும் 1 என்று காட்டும்; அவருக்கென ஒரு பதிவு இருக்கிறதல்லவா, கவுன்ட்(*) அதை எண்ணிவிடும்.

படி 6: கூட்டுத்தொகை இரட்டிப்பது

ஓர் உறுப்பினர் மூன்று நூல் எடுத்திருக்கிறார். இரண்டு முறை அபராதம் கட்டியிருக்கிறார், 50, 30. மொத்தம் 80. உறுப்பினரோடு இரவலையும் அபராதத்தையும் ஒரே வினவலில் ஜாயின் செய்தால் 3 × 2 = 6 பதிவுகள் உருவாகும். ஒவ்வொரு அபராதமும் மூன்று முறை வந்து, கூட்டுத்தொகை 240 ஆகிவிடும்.

இங்கே பலர் 'டிஸ்டிங்ட்' சேர்த்துத் தப்பிக்கப் பார்க்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். சம்(டிஸ்டிங்ட் தொகை) என்று போட்டால் இந்த ஆளுக்கு 80 சரியாக வரும். 50, 50 என்று கட்டியவருக்கோ 100க்குப் பதில் 50 வரும். முன்பிருந்த தவறு பெரிதாகத் தெரிந்தது; இது கண்ணுக்கே தெரியாது. சரியான வழி, அபராத அட்டவணையை மட்டும் தனி உள்வினவலில் உறுப்பினர்வாரியாகக் கூட்டி, ஆளுக்கு ஒரே பதிவாக ஆக்கிக்கொண்டு, அதன் பிறகு ஜாயின் செய்வது.

படி 7: மாதத்தின் கடைசி நாள்

'பிட்வீன் '2024-03-01' அண்ட் '2024-03-31'' என்பது, நேரத்தோடு சேர்ந்த தேதிப் புலத்தில், 31ஆம் தேதி நள்ளிரவு 00:00 மணியோடு நின்றுவிடும். அன்று பகலில் நடந்த எதுவும் வராது. >= '2024-03-01' அண்ட் < '2024-04-01' என்று எழுதுங்கள். பிப்ரவரிக்கு 28 நாளா 29 நாளா என்ற கவலையும் இதோடு தீர்ந்தது.

படி 8: விடை சரி, வேகம்தான் இல்லை

வினவலுக்கு முன்னால் 'எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ்' சேர்த்து ஓட்டுங்கள். மைஎஸ்கியூஎல்லில் இது 8.0.18 பதிப்பிலிருந்து கிடைக்கிறது. வினவலைத் தரவுத்தளம் எப்படி ஓட்டியது என்ற திட்டம் வரும். அதில் நான் முதலில் பார்ப்பது, தரவுத்தளம் மதிப்பிட்ட பதிவுகளுக்கும் உண்மையில் வந்த பதிவுகளுக்கும் இடையிலான தூரம். 10 என்று மதிப்பிட்டு 4,00,000 வந்திருந்தால், அந்த அட்டவணைக்கு 'அனலைஸ்' கட்டளையைத் தனியாக ஓட்டிப் புள்ளிவிவரங்களைப் புதுப்பித்துவிட்டு மீண்டும் பாருங்கள்.

தேடலை விரைவாக்கும் இண்டெக்ஸ் இருந்தும் பயன்படவில்லை என்றால், புலத்தை ஏதாவது செயற்கூறுக்குள் பொதிந்திருக்கிறீர்களா என்று பாருங்கள். லோயர்(மின்னஞ்சல்) = '...' என்று தேடினால் மின்னஞ்சல் புலத்தின் மேலுள்ள சாதாரண இண்டெக்ஸ் உதவாது; லோயர்(மின்னஞ்சல்) மீதே தனி இண்டெக்ஸ் உருவாக்க வேண்டும். லைக் '%குமார்' என்று முன்னால் % வைத்துத் தேடுவதும் அப்படித்தான். மற்றபடி, சில நூறு பதிவுகளே உள்ள அட்டவணையை முழுவதுமாகப் படிப்பது குறையல்ல. இண்டெக்ஸைத் தேடிப் போவதைவிட அது மலிவு.

முக்கியமான எச்சரிக்கை: எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ் வினவலை உண்மையாகவே ஓட்டும். போஸ்ட்கிரெஸில் டெலீட் கட்டளைக்கு முன்னால் போட்டால் பதிவுகள் போய்விடும். பிகின் என்று தொடங்கி, பார்த்து முடித்ததும் ரோல்பேக் செய்யுங்கள்; நடந்த மாற்றம் திரும்பிவிடும்.

பின்சேர்க்கை 1

படி 4ஐப் படித்த வாசகர் ஒருவர், தன்னுடைய 'இன்' வினவல் எல்லா உறுப்பினர்களையும் கொடுக்கிறது, பிழைச்செய்தியும் இல்லை என்று எழுதியிருந்தார். அவருடைய வினவல்:

செலக்ட் பெயர் ஃப்ரம் உறுப்பினர்
வேர் மின்னஞ்சல் இன் (செலக்ட் மின்னஞ்சல் ஃப்ரம் இரவல்)

இரவல் அட்டவணையில் மின்னஞ்சல் என்ற புலமே இல்லை. இருந்தும் பிழை வராது. உள்ளே கிடைக்காத பெயரை வெளிவினவலில் தேடுவது விதி. அங்கே உறுப்பினரின் மின்னஞ்சல் கிடைத்துவிடுகிறது. தன்னைத் தன்னோடே ஒப்பிட்டால், இரவலில் ஒரு பதிவாவது இருக்கும்வரை, மின்னஞ்சல் உள்ள எல்லாரும் தேறிவிடுவார்கள். இதே வினவலின் தலையில் செலக்ட்டுக்குப் பதில் டெலீட் இருந்திருந்தால் என்று நினைத்துப் பாருங்கள். உள்வினவலில் எப்போதும் இ.மின்னஞ்சல் என்று அட்டவணையின் சுருக்கப்பெயரோடு எழுதுங்கள். அப்போது 'அப்படியொரு புலம் இல்லை' என்று தரவுத்தளம் உடனே தடுத்துவிடும்.

பின்சேர்க்கை 2

இன்னொருவர் கேட்டது: 'கோமதி' என்று தேடினால் வரவில்லை, ஆனால் அட்டவணையில் கண்ணெதிரே இருக்கிறது. தமிழில் தரவு வைத்திருப்போர் எல்லாரும் இதை அறிந்திருக்க வேண்டும். யூனிகோடில் 'கோ' என்பதைக் க + ோ என்று இரண்டு குறியாகவும் எழுதலாம், க + ே + ா என்று மூன்றாகவும் எழுதலாம். திரையில் இரண்டுக்கும் இம்மியளவும் வேறுபாடு தெரியாது. ஆனால் போஸ்ட்கிரெஸ் இயல்பாகப் பைட்டு பைட்டாகத்தான் ஒப்பிடும்; அதற்கு இவை வெவ்வேறு சொற்கள். ஒரே மதிப்பு இருமுறை வராமல் தடுக்கும் யூனிக் கட்டுப்பாடு இருந்தாலும் இரண்டு கோமதிகளும் உள்ளே வந்துவிடுவார்கள். கேர்_லெங்த்(பெயர்) போட்டுப் பாருங்கள்: ஒன்றுக்கு 5, மற்றதற்கு 6.

எழுத்துகளை யுடிஎஃப்-8 முறையில் சேமிக்கும் தரவுத்தளமாக இருந்தால், போஸ்ட்கிரெஸ் 13 முதல் இதற்கு நேரடி வழி உண்டு. எத்தனை பெயர்கள் இப்படிப் பிரிந்து கிடக்கின்றன என்று முதலில் எண்ணுங்கள் (என்எஃப்சி என்பது குறிகள் சேர்ந்த வடிவம்):

செலக்ட் கவுன்ட்(*) ஃப்ரம் உறுப்பினர் வேர் பெயர் இஸ் நாட் என்எஃப்சி நார்மலைஸ்டு

பிறகு அவற்றை நார்மலைஸ்(பெயர்) கொண்டு ஒருமுறை புதுப்பித்துவிட்டு, புதிதாக உள்ளே வரும் ஒவ்வொரு பெயரையும் சேமிக்கும் முன்பே அதே செயற்கூறின் வழியாக அனுப்புங்கள். தேடும் சொல்லையும் அப்படியே அனுப்ப வேண்டும். அந்த வாசகர் அட்டவணையை மட்டும் திருத்திவிட்டு, தேடல் பெட்டியை விட்டுவிட்டதால் மறுநாளும் அதே கேள்வியோடு எழுதியிருந்தார்.